விட்டுவிட்டு எரிந்த விளக்கு

பழைய மோட்டார் வண்டி வைத்திருப்பவனுக்கு ஆலோசகர்கள் குறைவதில்லை. கினிகத்தேனைக் கடைவீதியில் என் வண்டியை நிறுத்தி அதன் முன்மூடியைத் தூக்கினால் போதும். தேநீர்க் கடையிலிருந்து இருவரும் பஸ் தரிப்பிடத்திலிருந்து மூவருமாக வந்து சூழ்ந்துகொள்வார்கள். ஒருவர் பற்றரி என்பார். ஒருவர் டைனமோ என்பார். இன்னொருவர், "இதை வித்துப்புடுங்க சேர்" என்பார். ஏறக்குறைய ஒன்றரை ஆண்டுக்காலம் இத்தகைய ஆலோசனைகளைக் கேட்டேன். அவற்றுட் சிலவற்றுக்குப் பணமும் கொடுத்தேன். கடைசியில் நான் கற்றுக்கொண்ட பாடம் ஒன்றை எழுதவே இக்கட்டுரையைத் தொடங்குகிறேன். அது வண்டியைப் பற்றிய பாடம் என்றே நெடுநாள் எண்ணியிருந்தேன்.

வண்டி ஒரு மொறிஸ் மைனர். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவரிடமிருந்து 2019 இல் வாங்கியது. பழம்பொருட் பித்தினால் அதை வாங்கினேன் என்று யாரும் நினைக்கவேண்டாம். ஆசிரியச் சம்பளத்துக்கு எட்டியது அதுதான். அடுத்த ஆண்டு மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் வழி திறந்தது. இடைப்பட்ட ஐந்தாண்டுகளில் இலங்கையில் ஓடாத வண்டிக்குக்கூட விலை ஏறியது. ஆகவே எங்களைப் போன்றவர்கள் உள்ளதைத் திருத்தித் திருத்தி ஓட்டுவதைத் தவிர வேறு வழியறியாதவர்கள் ஆனோம்.

அலெக் இசிகோனிஸ் என்ற பொறியியலாளர் வடிவமைத்த இந்த வண்டி 1948 இல் இங்கிலாந்தில் வெளிவந்தது. சாதாரண சம்பளக்காரனும் வாங்கக்கூடிய வண்டி என்ற எண்ணத்தோடு செய்யப்பட்டது. பிரித்தானியக் கார்களுள் பத்து இலட்சம் என்ற எண்ணிக்கையை முதலில் தாண்டியதும் இதுவே. 1948 என்ற ஆண்டை மலைநாட்டில் பிறந்த எவனும் ஒரு காரின் பொருட்டு நினைவில் வைத்திருப்பதில்லை. இந்த மலைகளைத் தேயிலை மலைகளாக்கிய மக்களைக் குடியுரிமையற்றவர்களாக்கிய சட்டம் நிறைவேறிய ஆண்டு அது. சாதாரண மனிதனுக்கென்று ஒரு நாட்டில் வண்டி பிறந்த ஆண்டிலேயே, இன்னொரு நாட்டில் சாதாரண மனிதர்கள் நாடற்றவர்களாக்கப்பட்டார்கள். என் தாத்தாவும் அவர்களுள் ஒருவர்.

இனி வண்டியின் நோய்க்கு வருகிறேன்.

மொறிஸ் மைனரின் முன்பலகையில் சிவப்பு விளக்கொன்று உண்டு. சாவியைத் திருப்பியதும் எரியும். எஞ்சின் வேகங்கொண்டதும் அணையும். அணைந்தால் பற்றரிக்கு மின் ஏறுகிறது என்று பொருள். 2022 இன் இறுதியில் இந்த விளக்கு ஓட்டத்தின் நடுவே எரியத் தொடங்கிற்று. எரிந்தது என்றுகூடச் சொல்ல முடியாது, மின்மினிபோல் இமைத்தது. சில நாட்கள் இமைக்கும். சில நாட்கள் இமைக்காது. இமைத்த நாட்களுக்கு மறுநாள் காலையில் ஸ்ராற்றர் முனகும். இமைக்காத வாரங்களில் வண்டி குதிரைபோல் நிற்கும்.

நான் பல்கலைக்கழகத்தில் தமிழ் படித்தவன். மின்சாரத்தோடு எனக்கிருந்த உறவு ஆளியை அழுத்துவதோடு முடிந்தது. எங்கள் பாடசாலையின் விஞ்ஞான ஆசிரிய நண்பர் ஒரு நாள் இடைவேளையில் கரும்பலகையில் படம் வரைந்து விளக்கினார். காந்தப் புலத்தில் கம்பிச் சுருள் அசைந்தால் மின் பிறக்கும் என்பதை மைக்கேல் பரடே 1831 இல் கண்டார். ஈயத் தகடுகளை அமிலத்தில் அமிழ்த்தி மின்னைச் சேமித்து மீண்டும் மீண்டும் நிரப்பும் வகையைக் காஸ்தோன் பிளாந்தே 1859 இல் கண்டார். இவ்விரண்டையும் ஒரு பட்டியால் எஞ்சினோடு பிணைத்தால் மோட்டார் வண்டியின் மின்னமைப்பு முக்காற் பங்கும் முடிந்தது. எஞ்சின் சுழலப் பட்டி சுழலும். பட்டி சுழல டைனமோ சுழலும். டைனமோ தரும் மின்னை றெகுலேற்றர் பெட்டி அளந்து பற்றரிக்கு அனுப்பும். ஓய்ந்திருக்கும் நல்ல பற்றரியில் 12.6 வோல்ற்று அளவில் இருக்கும். மின் ஏறும்போது 14 வரையில் உயரும். சிவப்பு விளக்கின் ஒரு நுனி பற்றரிப் பக்கத்திலும் மறு நுனி டைனமோப் பக்கத்திலும் இணைந்திருக்கிறது. இரு பக்கமும் சமமானால் விளக்கினூடாக மின் ஓடாது; அது அணைந்துவிடும். ஏற்றத்தாழ்வு உள்ளவரை எரியும்.

"இக்காலக் கார்களில் டைனமோவுக்குப் பதிலாக ஆல்ற்றர்நேற்றர் வந்துவிட்டது. ஆனால் விளக்கின் நியாயம் ஏறத்தாழ அதேதான்" என்றார் நண்பர். விளக்கம் எனக்குப் பிடித்திருந்தது. ஆனால் ஏற்றத்தாழ்வு எங்கே உண்டாகிறது என்பதை அந்தப் படம் சொல்லவில்லை.

முதலிற் பற்றரியை மாற்றினேன். அடுத்துள்ள நகரமொன்றின் கராஜில், "பற்றரி செத்துப்போச்சு" என்று ஒரே பார்வையிற் சொன்னார்கள். புதிய பற்றரி பத்து நாள் நன்றாக இருந்தது. பதினோராம் நாள் சிவப்பு விளக்கு இமைத்தது. பிறகு டைனமோவைக் கழற்றிக் கரிக்கட்டைகளை மாற்றினார்கள். மூன்று வாரம் அமைதி. பின்னர் மீண்டும் இமைத்தது. மூன்றாவதாக, றெகுலேற்றர் பெட்டியே மாறியது. அதைத் தேடிக் கொழும்புப் பஞ்சிகாவத்தையில் பழைய உதிரிப்பாகக் கடைகளை ஒரு சனிக்கிழமை முழுவதும் அளந்தேன். ஒவ்வொரு முறையும் கராஜ்காரர் வண்டியைச் சீமெந்துத் தரையில் நிறுத்தி, எஞ்சினை முடுக்கி, அளவைக் கருவியைக் காட்டி, "பாருங்க சேர், பதினாலு இருக்கு. ஒரு குறையும் இல்லை" என்றார். அவர் பொய் சொல்லவில்லை. அந்தத் தரையில் அந்த நேரத்தில் ஒரு குறையும் இருக்கவில்லை. என் சம்பளத்தில் இரண்டு மாதம் கரைந்தது.

நான்காம் முறை முறையிட்டபோது, பழுது தம் கண்ணுக்குத் தெரியாததால் அது என் மனத்தில் இருக்கக்கூடும் என்ற பாவனையில் அவர் என்னைப் பார்த்தார். நோயாளியின் சொல்லை நம்பாத வைத்தியரின் பார்வை அது. அந்தப் பார்வை எனக்குக் கசந்தது. அதே பார்வையால் நானும் ஒரு பிள்ளையைப் பார்த்துக்கொண்டிருந்தேன் என்பது அப்போது உறைக்கவில்லை. அதைப் பின்னர் சொல்கிறேன்.

2023 ஜூலையில் ஒரு நாள் இரவு பத்து மணியிருக்கும். தென்மேற்குப் பருவமழை கொட்டிக்கொண்டிருந்தது. கினிகத்தேனை, வட்டவளைப் பக்கத்து மழையைப் பற்றி மலைநாட்டாருக்குச் சொல்ல வேண்டியதில்லை; இந்நாட்டில் மிகக் கூடுதலாக மழை பெறும் இடங்களுள் ஒன்று இது. பக்கத்துத் தோட்டத்து லயத்திலிருந்து ஓர் இளைஞன் நனைந்தபடி வந்து கதவைத் தட்டினான். அவனுடைய தாய்க்கு மூச்சிழுப்பு. முப்பது ஆண்டுகள் கொழுந்து பறித்த அம்மா அவர். "சேர், வண்டி இருக்கா?" என்றுதான் கேட்டான், வண்டி ஓடுமா என்று கேட்கவில்லை.

அவரைப் பின்னிருக்கையில் சாய்த்துக்கொண்டு ஹட்டன் பக்கமாகப் புறப்பட்டோம். தலைவிளக்கு, மழைத் துடைப்பான், பின்விளக்கு, எஞ்சினுக்கு வேண்டிய தீப்பொறி எல்லாம் சேர்ந்தால் பன்னிரண்டு பதின்மூன்று அம்பியர் செலவாகும். டைனமோ தரும் உச்ச அளவே இருபத்திரண்டு. டைனமோ வேலை செய்யும்வரை இந்தக் கணக்கு சரிக்கட்டும். செய்யாவிட்டால் செலவு முழுவதும் பற்றரியின் தலையில் விழும். வட்டவளையை நெருங்கும் ஏற்றத்தில் சிவப்பு விளக்கு இமைத்தது. பின்பு இமைக்காமலே எரிந்தது. தலைவிளக்கின் வெள்ளொளி மஞ்சளாகி, மஞ்சள் செம்மையாகிற்று. துடைப்பான் பாதி வழியில் நின்றது. மூடுபனியில் வீதியின் விளிம்பு தெரியவில்லை. எஞ்சின் இருமுறை இருமி அடங்கியது.

ஸ்ராற்றரை இழுத்தேன், முனகிற்று. சோக்கை இழுத்து மீண்டும் முயன்றேன். அப்போது சோக் கம்பியின் உறை கைக்குச் சூடாக இருந்தது. அந்த நேரத்தில் அதைப் பற்றி யார் நினைக்கப் போகிறார்கள்? இறங்கி முன்னால் கைப்பிடியைச் செருகிச் சுழற்றினேன். பயனில்லை. பின்னிருக்கையிலிருந்து கேட்ட மூச்சின் ஒலி மழையையும் மீறிக் கேட்டது.

மரக்கறி ஏற்றிச் செல்லவேண்டிய வெற்று லொறி ஒன்று மேல்நோக்கி வந்தது. அதை ஓட்டிய சிங்களச் சகோதரர் ஒரு வார்த்தையும் கேளாமல் இறங்கி, அந்த அம்மாவை முன்னிருக்கையில் ஏற்றிக்கொண்டார். மகன் உடன் போனான். அவர் பிழைத்துக்கொண்டார். நான் விடியும்வரை இருண்ட வண்டிக்குள் இருந்தேன். பல வகையான எண்ணங்கள் வந்தன. ஓடாத வண்டியைவிட, ஓடும் என்று நம்பவைத்து நடுவழியில் நிற்கும் வண்டி கொடியது என்பது அவற்றுள் ஒன்று.

அதன் பிறகுதான் நோட்டன்பிரிட்ஜ் செல்லும் வீதியோரத்தில் தகரக் கொட்டகையொன்றில் வேலைசெய்யும் முதியவரிடம் போனேன். எழுபதைத் தாண்டியவர். தேயிலைத் தொழிற்சாலையின் எஞ்சின் அறையில் எண்ணெய் போடும் பையனாகச் சேர்ந்து, அந்த எஞ்சின்களைக் கழற்றிப் பூட்டிப் பழகி, வேலை ஓய்ந்தபின் இக்கொட்டகையைப் போட்டவர். கையிற் சான்றிதழ் எதுவும் இல்லை. ஐந்தாம் வகுப்போடு பள்ளி முடிந்தது. எல்லோரும் அவரைப் 'பாஸ்' என்றே அழைப்பார்கள்.

நான் வண்டியின் முன்மூடியைத் தூக்கப் போனேன். அவர் தடுத்தார்.

"மூடி இருக்கட்டும் சேர். முதல்ல உக்காருங்க. எந்த எந்த நாள் வந்துச்சு, எங்கன வந்துச்சு, சொல்லுங்க."

எனக்குத் தெரியவில்லை. "சில நாள் வரும், சில நாள் வராது பாஸ்" என்றேன். மழை நாளில் வருவதாக எனக்கோர் எண்ணம் இருந்தது, அதையும் சொன்னேன்.

"விட்டு விட்டு வர்ற பழுதுன்னு ஒண்ணு கெடையாதுங்க சேர். அது எப்பவும் உள்ள இருக்கு. எப்ப வெளிய வருதுன்னு நாம எழுதி வக்கல, அம்புட்டுத்தான். ஒரு கொப்பி போடுங்க. ரெண்டு கெழம கழிச்சு வாங்க."

பழுது பார்க்க வந்தவனை அவர் வீட்டுப்பாடம் கொடுத்து அனுப்பிவிட்டார். நோயின் முதலைத் தேடிய பின்பே மருந்தைத் தேடச் சொல்லும் குறளை ஆண்டுதோறும் வகுப்பிற் படிப்பிக்கிறவன் நான். உரையாசிரியர்கள் அதற்குச் சொன்ன நயங்களை மனப்பாடமாக ஒப்பிப்பேன். மூன்று மருந்துகளை வாங்கிய பின்பும் நோயைப் பற்றி ஒரு வரிகூட நான் எழுதி வைத்திருக்கவில்லை.

எண்பது பக்கக் கொப்பியொன்றில் ஐந்து பத்திகள் கீறினேன்: திகதி, சென்ற வழி, ஏற்றமா இறக்கமா, மழை, சிவப்பு விளக்கு. ஒவ்வொரு பயணமும் முடிந்ததும் நிரப்பினேன். மழைப் பத்தியில் முந்திய இரவின் மழையையும் சேர்த்துக் குறித்தேன். இரண்டு கிழமையில் இருபத்துமூன்று வரிகள் சேர்ந்தன. அவற்றை வைத்துப் பார்த்தபோது என் முதல் நம்பிக்கை உடைந்தது. மழையில் ஒன்பது முறை விளக்கு இமைக்கவில்லை. நல்ல வெயிலில் நான்கு முறை இமைத்திருந்தது. மழைக்கும் பழுதுக்கும் தொடர்பில்லை. ஆனால் இமைத்த தடவைகள் யாவும், ஒன்றும் தப்பாமல், ஏற்றத்தில் நிகழ்ந்தவை. இறக்கத்திலோ சமதரையிலோ ஒரு முறையேனும் இமைக்கவில்லை.

பெரியவர் கொப்பியை விரலால் தடவித் தடவிப் படித்தார். பிறகு, "வேற ஏதாச்சும் சின்ன சமாச்சாரம்? ஒண்ணுக்கும் ஒதவாதுன்னு நீங்க சொல்லாம விட்டது?" என்று கேட்டார். நெடுநேரம் யோசித்து, அந்த மழை இரவில் சோக் கம்பி சுட்டதைச் சொன்னேன்.

அவர் முகம் மலர்ந்தது. "அதத்தான் சேர் மொதல்ல சொல்லியிருக்கணும்!"

அவர் விளக்கிய வகையை என் மொழியில் தருகிறேன். மின் என்பது போனால் திரும்பிவர வேண்டும். திரும்பும் வழி இல்லாத மின் ஓடாது. மோட்டார் வண்டியில் மின் செல்லக் கம்பிகள் உண்டு. திரும்பி வருவதற்குத் தனிக் கம்பி போடுவதில்லை. வண்டியின் இரும்பு உடலே அந்த வழி. ஆனால் எஞ்சின் அந்த உடலைத் தொடாமல் இரப்பர்க் கட்டைகளின்மேல் அமர்ந்திருக்கிறது. இல்லாவிட்டால் அதிர்வு தாங்க முடியாது. எனவே எஞ்சினையும் உடலையும் இணைக்கச் செப்பு இழைகளாற் பின்னிய தடித்த பட்டியொன்றைக் கீழே பூட்டியிருப்பார்கள். அதை 'எர்த் பட்டி' என்பார்கள். ஸ்ராற்றருக்கும் டைனமோவுக்கும் உரிய மின் முழுவதும் இந்தப் பட்டி வழியேதான் சுற்றை நிறைவுசெய்யும். பட்டி அறுந்தால் மின் வேறு வழி தேடும். எஞ்சினையும் உடலையும் தொட்டுக்கொண்டிருக்கும் சோக் கம்பி போன்ற மெல்லிய கம்பிகள் அகப்படும். அவை அந்தச் சுமைக்குச் செய்யப்பட்டவையல்ல, ஆகவே சுடும்.

"வழிய அடைச்சா, பாவம், சின்னது மேலதான் பாரம் விழும்" என்றார்.

அதோடு அவர் நின்றுவிடவில்லை. "இது என் நெனப்பு. நெனப்ப வச்சு சாமான் மாத்தக் கூடாது" என்றார். அளவைக் கருவியின் ஒரு கம்பியைப் பற்றரியின் எர்த் முனையிலும் மற்றதை எஞ்சின் உடலிலும் இறுக்கி, இரு கம்பிகளையும் யன்னல் வழியே உள்ளே கொண்டுவந்து கருவியை என் மடியில் வைத்தார். திரும்பும் வழி செம்மையாக இருந்தால் இவ்விரண்டுக்கும் இடையில் வோல்ற்று ஏறக்குறைய இராது. எவ்வளவு காட்டுகிறதோ அவ்வளவும் வழியில் இழக்கப்படுகிறது. தலைவிளக்கைப் போடச் சொல்லிவிட்டு அவரே வண்டியை ஓட்டினார். நான் எண்களை உரக்கப் படித்தேன்.

"புள்ளி ஒன்று... புள்ளி ஒன்று... புள்ளி ஒன்று."

ஏற்றம் தொடங்கியது. கியரைக் குறைத்து முடுக்கினார். வளைவொன்றில் எஞ்சின் இழுத்து முறுகியது.

"ஒன்று புள்ளி எட்டு!" என்று கத்தினேன். அதே கணத்தில் சிவப்பு விளக்கு இமைத்தது. வளைவு முடிந்து வீதி சமமானதும் எண் பழையபடி புள்ளி ஒன்றுக்கு இறங்கியது. மூன்று முறை அதே ஏற்றத்தில் ஏறினோம். மூன்று முறையும் அப்படியே நடந்தது.

கொட்டகைக்குத் திரும்பிக் கீழே படுத்துப் பட்டியைக் கழற்றினார். மேலே எண்ணெயும் மண்ணும் தடித்துப் படிந்திருந்தன. யாரோ அதன்மேற் கறுப்பு வர்ணமும் பூசியிருந்தார்கள். பார்வைக்கு முழுமையான பட்டிதான். சுரண்டிப் பார்த்தால் உள்ளே செம்பு பச்சையாகக் களிம்பேறி, நுனியில் முக்கால்வாசி இழைகள் அறுந்திருந்தன. எஞ்சின் சும்மா இருக்கும்போது அறுந்த நுனிகள் ஒன்றையொன்று தொட்டுக்கொள்ளும். ஏற்றத்தில் பாரத்தை இழுக்கையில் எஞ்சின் இரப்பர்க் கட்டைகளின்மேல் ஒருபுறம் சாயும், நுனிகள் விலகும். சீமெந்துத் தரையில் நிறுத்திப் பார்த்தவர்களுக்கு அது தெரியாமற் போனதில் வியப்பென்ன? பாரம் ஏற்றாமல் சோதித்தால் பாரத்தில் வரும் பழுது எப்படித் தெரியும்?

புதுப் பட்டி பூட்ட அரை மணி நேரம் ஆயிற்று. அதன் விலை, நான் மாற்றிய பற்றரியின் விலையில் நூற்றில் ஒரு பங்கும் இராது.

கூலி கொடுத்துவிட்டுத் தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது பெரியவர் பழைய கதைகளைச் சொன்னார். அவருடைய தகப்பனார் மவுசாகலை அணைக்கட்டு வேலையில் மண் சுமந்தவராம். கெஹெல்கமு ஓயாவும் மஸ்கெலி ஓயாவும் கூடிக் களனி கங்கையாகும் இந்தப் பள்ளத்தாக்குகளில் நீரிலிருந்து மின் எடுக்கலாம் என்று பொறியியலாளர் விமலசுரேந்திர 1918 இல் கணக்கிட்டுக் காட்டினார். அன்றைய ஆட்சியாளர் அதைப் பொருட்படுத்த நெடுங்காலம் ஆயிற்று. 1950 இல் லக்சபான மின்நிலையம் இயங்கத் தொடங்கியது. 1969 இல் மவுசாகலை நீர்த்தேக்கம் நிறைந்தபோது பழைய மஸ்கெலியா நகரமே நீருள் மூழ்கியது. கம்பிகள் மலைகளின் தலைக்குமேல் கொழும்பை நோக்கிச் சென்றன. அக்கம்பிகளுக்குக் கீழேயிருந்த லயன்களில் அதன் பின்னும் பல பத்தாண்டுகள் குப்பி விளக்கே எரிந்தது.

"எங்க அப்பா மண்ணு சொமந்த கரண்டு, எங்க காம்பராவுக்கு வர்றப்போ அவரு இல்லீங்க சேர்" என்றார். குறையாகச் சொல்லவில்லை, வண்டியின் பழுதைச் சொன்ன அதே குரலில் சொன்னார்.

மின் போன வழி இருந்தது; திரும்பி வரும் வழிதான் இல்லை. இதை அவரிடம் சொல்லவில்லை. வீட்டுக்கு வரும் வழியில் எனக்குள் சொல்லிக்கொண்டேன்.

இப்போது நான் முன்னர் குறிப்பிட்ட பிள்ளையைப் பற்றிச் சொல்லவேண்டும். க.பொ.த. சாதாரண தர வகுப்பில் என் மாணவி. பெயர் வேண்டாம். சில நாட்கள் அவள் எழுதும் கட்டுரையைப் பார்த்து நானே வியந்ததுண்டு. சில நாட்கள் மேசையில் தலை சாய்த்துத் தூங்கிவிடுவாள். சில நாட்கள் வரவே மாட்டாள். கேட்டால் தலை குனிந்து நிற்பாள். 'ஒழுங்கீனம்' என்று அவளது முன்னேற்ற அறிக்கையில் என் கையாலேயே எழுதியிருந்தேன். பரீட்சைக்குத் தோற்றுவோர் பட்டியல் தயாரிக்கும் காலம் அது. இவளை இவ்வாண்டு தோற்றவிடாமல் நிறுத்தி வைப்பதே நல்லது என்று ஆசிரியர் கூட்டத்திற் பேச்சு வந்தபோது நான் மறுக்கவில்லை. உண்மையைச் சொன்னால், அந்தப் பேச்சைத் தொடக்கியவனே நான்தான்.

வண்டி திருந்திய கிழமை, வரவிடாப்பைக் கூட்டிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் வண்டிக் கொப்பி கிடந்தது. பழுதைக் காண உதவாமற்போன மழைப் பத்தி கண்ணிற் பட்டது. அவள் பெயருக்கு நேரே இருந்த வெறுமைகளையும், தூங்கினாள் என்று நான் பென்சிலாற் குறித்திருந்த நாட்களையும் அந்தப் பத்தியோடு ஒட்டிப் பார்த்தேன். இரண்டு கிழமையில் அவள் வராத நாட்கள் மூன்று. தூங்கிய நாட்கள் இரண்டு. ஐந்தும் கடும் மழை பெய்த இரவுகளுக்கு மறுநாட்கள். பகலில் மட்டும் மழை பெய்த நாட்களை அடுத்து அவள் ஒழுங்காக வந்திருந்தாள்.

"இது என் நெனப்பு" என்ற பெரியவரின் சொல் காதில் ஒலித்தது. ஐந்து நாள் ஒத்துவந்ததைக் கொண்டு முடிவு கட்டலாகாது. அடுத்த கடும் மழை இரவின் மறுநாள் மாலை அந்தத் தோட்டத்துக்கு நடந்து போனேன்.

லயத்தின் கடைசிக் காம்பரா அவர்களுடையது. தகரக் கூரை துருவேறி, ஆணித் துளைகள் அகன்று கிடந்தன. தரையில் ஏழு பாத்திரங்களை எண்ணினேன். இரவில் மழை வலுத்தால் எல்லாரும் எழுந்து, காய்ந்திருக்கும் ஒரு மூலைக்குப் பாய்களையும் அரிசியையும் சின்னத் தம்பியையும் மாற்றுவார்களாம். பாத்திரங்கள் நிறைய நிறையக் கொட்டுவது இவள் வேலை. சுவர் நனைந்து மின்சாரக் கம்பியில் ஒருமுறை தீப்பொறி பறந்ததாம்; அன்றுமுதல் மழை தொடங்கியதும் பிரதான ஆளியை நிறுத்திவிடுகிறார்கள். விடியலில் தாய் மலைக்குப் போகவேண்டும். கொப்பிகள் நனைந்த நாட்களிலும் சட்டை காயாத நாட்களிலும் பிள்ளை பாடசாலைக்கு வருவதில்லை. அவளது புத்தகங்கள், உரப்பையொன்றில் சுற்றப்பட்டு, இஸ்தோப்பில் உத்தரத்தோடு கட்டித் தொங்கின. வீட்டிலேயே ஈரம் படாத இடம் அது ஒன்றுதான்.

"வாங்க சேர், ஒக்காருங்க" என்று அந்தத் தாய் ஒரேயொரு நாற்காலியைத் துடைத்துப் போட்டார். எதற்காக வந்தேன் என்று அவர் கேட்கவில்லை. மகள் ஏதோ தவறு செய்துவிட்டாள் என்ற அச்சம் மட்டும் முகத்தில் இருந்தது. ஆசிரியன் லயத்துக்கு வந்தால் முறைப்பாடு சொல்லத்தான் வருவான் என்று நாம் அவர்களைப் பழக்கி வைத்திருக்கிறோம். நான் எழுதிய 'ஒழுங்கீனம்' என்ற சொல் அந்த உரப்பைக்குள்ளேதான் இருந்தது என்று நினைக்கிறேன்.

ஆசிரியர்களாகிய நாம் பிள்ளைகளைச் சீமெந்துத் தரையில் நிறுத்திச் சோதிக்கிறோம். ஒரே வினாத்தாள், ஒரே மணி, ஒரே புள்ளித் திட்டம் என்று அதற்கு நியாயமும் சொல்கிறோம். அந்தத் தரைக்கு வருமுன் ஒவ்வொரு பிள்ளையும் எந்த ஏற்றத்தில் என்ன பாரம் இழுத்து வந்தது என்பதை நம் இடாப்பு கேட்பதில்லை. இடாப்பில் ஒரு வெறுமை விழுந்தால் அதைப் பிள்ளையின் குணமென்று எழுதிவிடுகிறோம். பற்றரியை மாற்றச் சொன்ன கராஜ்காரருக்கும் எனக்கும் வேறுபாடு உண்டு. அவர் மாற்றச் சொன்னது ஒரு பெட்டியை. நான் தள்ளிவைக்கப் பார்த்தது ஒரு பிள்ளையின் ஓராண்டை.

அடுத்த ஆசிரியர் கூட்டத்தில் வரவிடாப்பையும் வண்டிக் கொப்பியையும் ஒன்றாக வைத்துக் காட்டினேன். சிலர் சிரித்தார்கள், பின்பு சிரிக்கவில்லை. அவள் பெயர் பட்டியலில் சேர்ந்தது. 'ஒழுங்கீனம்' என்ற சொல்லை வெட்டிவிட்டு என் கையொப்பமிட்டேன். மழைக்கால மாதங்களில் எந்தப் பிள்ளை கேட்டாலும் புத்தகங்களைப் பாடசாலை அலுமாரியில் வைத்துப் போகலாம் என்று ஏற்பாடு செய்தோம். முதல் நாளே பதினான்கு பேர் வைத்தார்கள். பதினான்கு! அத்தனை பேரின் வீட்டிலும் கூரை ஒழுகுவதை அதுவரை எங்களில் ஒருவரும் அறிந்திருக்கவில்லை.

கூரை மட்டும் இன்னும் மாறவில்லை. தோட்ட நிர்வாகத்துக்கு மூன்று கடிதங்கள் எழுதினோம். பதில் இல்லை. லயத்து மக்கள் காசு சேர்த்துத் தறப்பாள் வாங்கி மேலே கட்டியிருக்கிறார்கள். ஆறு லயங்களின் பெற்றோரும் ஒன்றுகூடி, ஒழுகும் காம்பராக்களை ஒவ்வொன்றாக எண்ணி, இரவு மழையையும் பிள்ளைகளின் வரவையும் ஒரு கொப்பியில் இப்போது தாங்களே எழுதிவருகிறார்கள். அதை வைத்துக்கொண்டு பேசப் போகிறார்கள். அந்தக் கொப்பியின் ஐந்து பத்திகளையும் கீறிக் கொடுத்தவள் அந்த மாணவிதான். இதுவரை நாற்பது பக்கம் நிரம்பியிருக்கிறது.

என் வண்டியின் சிவப்பு விளக்கு அதன் பின் இமைத்ததில்லை. ஆனாலும் ஏற்றம் வரும்போதெல்லாம் என் கண் தானாக அந்த இடத்துக்குப் போகிறது. வகுப்பில் ஒரு மேசை வெறுமையாக இருக்கும் காலைகளிலும் அப்படித்தான். இப்போது முதலில், நேற்றிரவு மழை பெய்ததா என்று கேட்கிறேன்.